ஓடும் வீட்டில் எரியும் வாயு

முன்னுரை

வண்டலூரிலிருந்து வாலாசாபாத் நோக்கிச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் ஒரகடம். ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இப்பகுதி இன்று வாகனத் தொழிலின் பெருங்களமாக விளங்குவதை யாவரும் அறிவர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலை 2012இலும் திறக்கப்பெற்றன. அவற்றைச் சார்ந்த உதிரிப்பாக ஆலைகளோ மிகப் பல.

பகலில் இவ்வழியே செல்வோர் காண்பது ஆலைகளை. இரவில் செல்வோர் காண்பது வேறொன்று. சரக்கு ஏற்றுதற்கும் இறக்குதற்கும் முறை வரும்வரை சாலையோரத்தில் வரிசையாக நிற்கும் லாரிகளே அவை. கார்களை ஏற்றிச் செல்லும் நெடிய டிரெய்லர்களும் அவற்றுள் உண்டு. அவற்றின் ஓட்டுநர்க்கு அந்த லாரியே வீடு. உறங்கும் இடமும் அதுவே. உடை மாற்றும் இடமும் அதுவே. வண்டியின் பக்கப் பெட்டியில் அரிசி, பருப்பு, சிறிய எரிவாயு சிலிண்டர், ஒற்றை அடுப்பு ஆகியன இருக்கும். வானம் தெளிந்த இரவில் லாரியின் நிழலில் அமர்ந்து சமைப்பர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்யும்போது அடுப்பு மேலே ஓட்டுநர் அறைக்குள் ஏறிவிடும், கண்ணாடிகளும் மூடப்படும்.

மூடிய கண்ணாடிக்குப் பின்னே நீல நிறத்தில் எரியும் அந்தச் சிறு நெருப்பைப் பற்றியதே இக்கட்டுரை. அதனை விளங்கிக்கொள்ள, இத்தகைய ஓடும் வீடுகளில் நெடுங்காலமாக எரிவாயுவைப் பயன்படுத்திவரும் மேலைநாட்டாரின் பட்டறிவை முதலில் நோக்குவோம். பின்னர் நம் ஊருக்குத் திரும்புவோம்.

மேலைநாட்டு ஓடும் வீடுகள்

காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க சிறு வீடுகள் அமெரிக்காவில் 1930களில் பெருகின. வாலி பையம் என்பார் நிறுவிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் வெளியிட்ட ‘கிளிப்பர்’ என்னும் அலுமினிய வண்டி அவற்றுள் புகழ்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1950களிலும் 1960களிலும் நடுத்தரக் குடும்பங்களும் இவ்வண்டிகளை வாங்கின. அக்காலத்து வண்டிகளைப் பழம்பொருளாகப் போற்றிப் புதுப்பித்துப் பயன்படுத்துவோர் இன்றும் பலர் உளர்.

குளிர்நாட்டில் இரவைக் கழிக்க வெப்பம் வேண்டும். காட்டோரத்தில் நிற்கும் வண்டிக்கு மின்கம்பி கிட்டாது. ஆதலால் வண்டியின் முன்புறத்தில், இழுவைச் சட்டத்தின்மேல், ஒன்றோ இரண்டோ புரொப்பேன் சிலிண்டர்களைப் பொருத்தினர். ரெகுலேட்டர் வாயுவின் அழுத்தத்தைக் குறைக்க, தரைக்கடியில் ஓடும் குழாய் அதனை உள்ளே கொண்டு சென்றது. அடுப்பும், விளக்கும், குளிர்பெட்டியும், கணப்பும் அந்த ஒரே வாயுவால் இயங்கின. நம் வீட்டு அடுப்பும் ஏறத்தாழ அதே அழுத்தத்தில்தான் எரிகிறது. ஆகவே அவர்கள் கற்ற பாடம் நமக்கும் அப்படியே பொருந்தும்.

மூவகைக் கணப்புகள்

இவ்வண்டிகளில் பயன்பட்ட கணப்புகளை மூவகையாகப் பகுக்கலாம். பகுப்பதற்கு அடிப்படை ஒன்றே: நெருப்பு எங்கிருந்து காற்றைப் பெறுகிறது, எங்கே புகையை விடுகிறது என்பதே அது.

முதல் வகை திறந்த கணப்பு. அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்து எரியும். எரிந்தபின் எழும் வாயுக்களையும் அறைக்குள்ளேயே விடும். செலவு குறைவு, வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்கும். ஆனால் மனிதனும் நெருப்பும் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை புகைபோக்கி உடையது. அறைக்காற்றை எடுத்து எரியும். புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேலே அனுப்பும். இது முதல் வகையினும் நன்று. எனினும் குழாய் அடைபட்டாலும், எதிர்க்காற்று வீசினாலும் புகை உள்ளே திரும்பும்.

மூன்றாம் வகை அடைத்த கணப்பு. இதில் நெருப்பு ஓர் இரும்புக் கூட்டுக்குள் எரியும். அக்கூட்டுக்கு வண்டியின் பக்கச் சுவரில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்றின் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். மற்றொன்றின் வழியே புகை வெளியே போகும். அறைக்காற்றோ அக்கூட்டின் வெளிப்புறத்தை மட்டும் தழுவிச் சூடேறித் திரும்பும். நெருப்புக்குத் தனி மூச்சு. மனிதனுக்குத் தனி மூச்சு. பொழுதுபோக்கு வண்டிகளுக்கான அமெரிக்க விதிகள், சமையல் அடுப்பு நீங்கலாக, எரிவாயுவால் இயங்கும் கணப்புகளும் வெந்நீர்க் கருவிகளும் இவ்வாறு அறைக்காற்றினின்றும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என வற்புறுத்துகின்றன. சமையல் அடுப்பைக் கொண்டு அறையைச் சூடேற்றலாகாது என்பதும் அங்கே வண்டி உரிமையாளர்க்குச் சொல்லப்படும் முதல் எச்சரிக்கையாகும்.

பழைய வண்டியைப் புதுப்பிப்போர் கணப்பில் நோக்கும் குறைகள் சில. இரும்புக்கூடு துருப்பிடித்து வெடித்திருந்தால் அடைத்த கணப்பும் திறந்த கணப்பாகிவிடும். வெளித்துளைகளில் குளவி கூடு கட்டினால் காற்று குறைந்து சுடர் மஞ்சளாகும். சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் வெப்ப இணை என்னும் உறுப்பு பழுதடைந்திருக்கலாம். இருவேறு உலோகங்கள் இணையும் முனை சூடேறும்போது பிறக்கும் சிறு மின்னோட்டமே ஒரு காந்தத்தின் வாயிலாக வாயுவின் கதவைத் திறந்து வைத்திருக்கும். நெருப்பு அணைந்தால் முனை குளிரும், மின்னோட்டம் நிற்கும், கதவு மூடிக்கொள்ளும். எளிய அமைப்பு, ஆயினும் பல உயிர்களைக் காக்கும் அமைப்பு. நம் ஊர் ஒற்றை அடுப்புகள் பெரும்பாலானவற்றில் இஃது இல்லை.

வாயுவின் இயல்பு

நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அழுத்தத்தால் நீர்மமாக்கிச் சிலிண்டரில் அடைப்பர். புரொப்பேன் சுழிக்குக் கீழ் 42 பாகை செல்சியசிலேயே ஆவியாகிவிடும். பியூட்டேனோ சுழிப் பாகையை ஒட்டியே ஆவியாகும். குளிர்நாட்டு வண்டிகள் புரொப்பேனை நாடுவதற்கும், நம் வெப்பநாட்டில் இரண்டன் கலவையும் நன்கு பயன்படுவதற்கும் இதுவே காரணம்.

இரு வாயுக்களும் காற்றினும் கனமானவை. புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே கசிந்த வாயு மேலே எழாது. நீரைப் போலத் தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். லாரியில் அது படுக்கைக்குக் கீழே தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறியில் தீப்பற்றும். மேலைநாட்டு வண்டிகளில் சிலிண்டர்ப் பெட்டியின் அடியில் துளையிடுவதும், கசிவை உணரும் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துவதும் இதனாலேயே.

இயல்பாக மணமற்ற இவ்வாயுவுடன் எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்ப்பர். கசிவை நாம் உணர உதவும் அழுகல் நாற்றம் அதனுடையதே. ஆனால் ஈண்டு ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். கசிந்த வாயு நாறும். எரிந்த வாயு நாறாது. நெருப்பில் அந்த மணப்பொருளும் எரிந்துபோகிறது. மூக்கை நம்பி வாழும் நாம் ஏமாறும் இடம் இதுவே.

எரிதலின் கணக்கு

ஒரு கிலோ புரொப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 3.6 கிலோ ஆக்சிசன் வேண்டும். அதனை அளிக்கச் சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்தபின் 3 கிலோ கரியமில வாயுவும், 1.6 கிலோ நீராவியும் வெளிப்படும். மழைநாளில் லாரிக்குள் சமைக்கும்போது கண்ணாடியில் நீர் வழிவதற்கு இந்நீராவியும் ஒரு காரணம்.

ஓட்டுநர் அறையின் நீளமும் அகலமும் இவ்விரண்டு மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர் எனக் கொண்டால் அதன் கொள்ளளவு 6 கன மீட்டர். ஓர் அடுப்பு ஒரு மணி நேரத்தில் 150 கிராம் வாயுவை எரிப்பதாகக் கொள்வோம். அறை முற்றிலும் அடைபட்டிருந்தால், காற்றில் நூற்றுக்கு 21 பங்காக உள்ள ஆக்சிசன் அந்த ஒரு மணி நேரத்திற்குள் 14 பங்கு அளவுக்கு இறங்கிவிடும். கதவிடுக்கு வழியே வரும் காற்று இவ்விறக்கத்தைத் தாமதப்படுத்தும். தடுத்துவிடும் என்று உறுதி கூற இயலாது.

ஆக்சிசன் குறைந்தால் நெருப்பு அணைந்துவிடும். பிறகு இடர் இல்லை எனச் சிலர் எண்ணுவர். அது பிழை. அணைவதற்கு முன்னர் நெருப்பு அரைகுறையாக எரியும். அப்போது கரியமில வாயுவுக்கு மாறாகக் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குருதியில் ஆக்சிசனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன் இஃது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்துகொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், பின்னர்த் தளர்ச்சி, அதன்பின் மயக்கம். களைப்பென்றோ பித்தமென்றோ எண்ணிப் படுத்துவிடுவோர் எழுவதில்லை. தப்பிக்க வேண்டும் என்னும் அறிவையே முதலில் பறித்துவிடுவது இந்நஞ்சின் கொடுமை.

நம் நாட்டில் நிகழ்ந்தவை

இவை குளிர்நாட்டாரின் கவலைகள் என்று ஒதுக்க இயலாதவாறு அண்மைய நிகழ்வுகள் நம்மைத் தடுக்கின்றன.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில் மதுரை இரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றியது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வழிபாட்டுப் பயணமாக வந்தவர்கள் அதில் இருந்தனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரைக் கொண்டு தேநீர் தயாரிக்க முற்பட்டபோது தீ மூண்டதெனத் தெரிய வந்தது. ஒன்பது உயிர்கள் மாண்டன. நாள்கணக்கில் ஒரே பெட்டியில் வாழ்ந்து, சமைத்து, உறங்கி வந்த அவர்களுக்கு அப்பெட்டி ஓர் ஓடும் வீடாகவே இருந்தது.

2024 திசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்து கிடந்தனர். ஆய்வில், வண்டியின் மின்னாக்கியிலிருந்து வெளிவந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தமையே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அங்கே எரிந்தது சமையல் வாயு அன்று. எனினும் கொன்ற நஞ்சு அதுவே. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியபோது பாரத்பென்ஸ் அடிச்சட்டத்தின்மேல் அமைந்த வண்டி ஒன்றும் அறிமுகமாயிற்று. ஒரகடத்தில் பெயர்பெற்ற வாகனமே ஓடும் வீட்டுக்கு அடித்தளமாகியுள்ள இக்காலத்தில், இவ்வறிவு இவ்வட்டாரத்தார்க்கு அயலானது அன்று.

எல்லாவற்றினும் பரவலானது கேஸ் கீசரால் நேரும் இடர். பெங்களூரு, மும்பை முதலிய நகரங்களில் குளியலறையில் மயங்கி விழுந்தோரையும் இறந்தோரையும் பற்றி மருத்துவர்கள் பலகாலும் எழுதியுள்ளனர். நிமிடத்திற்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ வாயுவை எரிக்கும். இருபது நிமிடக் குளியலுக்கு நான்கு கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்று அதற்கு வேண்டும். ஆறடி நீளம், நான்கடி அகலம், எட்டடி உயரம் உடைய குளியலறையின் மொத்தக் காற்றே ஐந்தரை கன மீட்டர்தான். கணக்கு அவ்வளவே; விளக்கம் வேண்டுவதில்லை.

எம் மாணவர் ஒருவர்

எம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஒரகடம் பகுதி ஆலை ஒன்றில் இரவுப்பணி செய்து வந்தார். அவரும் நண்பர் மூவரும் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்கு யாம் ஒருமுறை சென்றிருந்தோம். வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பெற்ற, 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி போன்றவை எல்லார்க்கும் கிட்டுவன அல்ல. பெரும்பாலோர் இத்தகைய அறைகளிலேயே வாழ்கின்றனர். சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் வைத்திருந்தனர். முகவரிச் சான்றின்றி, அடையாளச் சான்று மட்டும் காட்டிப் பெறத்தக்க அச்சிறு சிலிண்டர் வெளியூர்த் தொழிலாளர்க்குப் பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. குளியலறையில் பழைய கீசர் ஒன்று இருந்தது. கொசு வருகிறதென்று அதன் உயரச் சாளரத்தை அட்டை கொண்டு ஒட்டியிருந்தனர். அட்டையை யாம் கண்டோம். தேநீர் அருந்தினோம். தமிழ் பேசினோம். அட்டையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை; பேசத் தெரியவில்லை என்பதே உண்மை.

மார்கழியில் ஒருநாள் அதிகாலை, பணி முடிந்து வந்து குளிக்கச் சென்றவர் வெளிவரவில்லை. நீர் விழும் ஓசை நிற்காமையால் ஐயுற்ற நண்பர் கதவை உடைத்தார். அன்று அவர் விழித்திருந்தமையால் மாணவர் பிழைத்தார். ஆயினும் சில மாதங்கள் அவர்க்கு நினைவு தடுமாறிற்று. மனப்பாடமாகச் சொல்லிவந்த செய்யுள்களின் பாதியில் நின்று, அடுத்த சீரைத் தேடி எம் முகத்தை நோக்கினார். அந்நோக்கே இக்கட்டுரையை எழுதச் செய்தது. பதினைந்து ஆண்டுகள் அவர்போன்றோர்க்குச் சொற்பொருள் கற்பித்த யாம், ஒட்டப்பட்ட ஓர் அட்டையின் பொருளை அவர்க்குச் சொல்லாமற் போனோம்.

செய்யத்தக்கன

இனி, இவ்வறிவால் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

ஒன்று: லாரியினுள் அடுப்பை ஏற்றாதிருத்தலே முறை. மழையாயின் வண்டியின் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி அதன்கீழ்ச் சமைக்கலாம். 2025இல் புதிய லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டும் வசதி கட்டாயமாயிற்று. ஓட்டுநர்க்கு அது நற்பேறு. ஆனால் குளிரூட்டிய அறை காற்றை வெளிவிடாது அடைத்த அறை என்பதை மறத்தலாகாது. அதனுள் அடுப்பு எரிதல் முன்னிலும் இடரானது.

இரண்டு: கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் பொருத்தி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும். நெருப்பு வெளியே, நீர் உள்ளே என்பதே அடைத்த கணப்பு கற்பிக்கும் நெறி. அதற்கு வழியில்லையேல் வாளியில் நீரை நிரப்பிக்கொண்டு, கீசரை அணைத்து, கதவைச் சற்றே திறந்து வைத்துக் காற்று மாறியபின் குளிக்கலாம்.

மூன்று: சுடரை நோக்குக. நீலம் நன்று. மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிந்தால் காற்று போதவில்லை அல்லது பர்னர் அடைபட்டுள்ளது என்று பொருள்.

நான்கு: ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா எனப் பார்க்க. தீக்குச்சி கொண்டு பார்க்கற்க. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஆங்கில அகரவரிசையின் முதல் நான்கு எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டின் எண்ணும் இருக்கும். முதல் எழுத்து சனவரி முதல் மார்ச்சு வரையிலான காலாண்டையும், நான்காம் எழுத்து இறுதிக் காலாண்டையும் குறிக்கும். மறுசோதனைக்குரிய காலம் அது, கடந்திருந்தால் பெறலாகாது. பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்குக் கடைகளில் மாற்றி நிரப்பும் வாயுவை வாங்குவது ஒருபோதும் தகாது. சிலிண்டரின் மேற்பகுதியில் ஆவிக்கென விடவேண்டிய இடத்தை அவர்கள் அளந்து விடுவதில்லை.

ஐந்து: ஒரே அறையில் இருப்போர் பலர்க்கு ஒருங்கே தலைவலியும் குமட்டலும் தோன்றினால், வெளியே சென்றதும் அவை தணிந்தால், நச்சுவாயுவை ஐயுறுக. கதவு, சாளரங்களைத் திறந்து, நெருப்பை அணைத்து, மயங்கியவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து 108ஐ அழைக்க வேண்டும். வெறுங்காற்றில் இந்நஞ்சு குருதியில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிசன் அளித்தால் ஒன்றரை மணி நேர அளவில் குறையும். ஆதலால் விழித்தெழுந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளுதல் கூடாது.

முடிவுரை

கூதிர்க்கால இரவில் மக்கள் கதவுகளைத் தாழிட்டு, ‘தடவு’ என்னும் அகன்ற வாயுடைய கணப்புச் சட்டியில் தீக்காய்ந்தமையை நெடுநல்வாடை காட்டுகிறது. குளிருக்குக் கதவடைத்து நெருப்பை அணைத்துக்கொள்ளும் இயல்பு அத்துணைப் பழமையானது. அவ்வியல்பைக் குறை கூறுதல் எம் நோக்கம் அன்று. மழையில் நனைந்த ஓட்டுநரும், பணியில் களைத்த தொழிலாளியும் சற்று வெம்மையை நாடுதல் இயற்கையே.

சாளரத்திற்குத் தமிழில் ‘காலதர்’ என்றொரு பழம்பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழி என்பதே அச்சொல்லின் பொருள். ஒளிக்காகவோ காட்சிக்காகவோ அன்றிக் காற்றுக்காகவே சாளரம் என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்தனர் நம் முன்னோர். வகுப்பறையில் அச்சொல்லைப் பன்முறை பிரித்துக் காட்டியுள்ளோம். இவ்வாண்டு முதல், அதனைப் பிரித்துக் காட்டும்போதெல்லாம் குளியலறைச் சாளரத்தில் ஒட்டிய அட்டையையும் சேர்த்தே சொல்லி வருகிறோம். இதனைப் படிக்கும் மாணவர்கள் இன்று தம் அறைக்குத் திரும்பியதும் முதற்கண் சாளரத்தை நோக்குவராக. அடைபட்டிருந்தால் திறந்துவிடுவராக.